எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

ஈரோடு மாவட்டம் சிவகிரிக்குப் பக்கத்தில் விளக்கேத்தி. அங்கே தோட்டத்து வீட்டில் தனியாக வாழ்ந்த ஒரு வயதான தம்பதி 2025 ஏப்ரல் கடைசியில் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கண்டெடுக்கப்பட்டது மே 1ஆம் தேதி. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 நவம்பர் 28 இரவு, திருப்பூர் மாவட்டம் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் இன்னொரு தோட்டத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய தம்பதியும், வீட்டுக்கு வந்திருந்த அவர்கள் மகனும் கொலையுண்டார்கள்.

இரண்டையும் ஊர் குற்றச் செய்தியாகத்தான் பேசியது. நகை, கும்பல், கைது, ரோந்து. அந்தப் பேச்சில் அதிகம் அடிபடாத ஒன்று உண்டு. சிவகிரியில் சம்பவம் நடந்ததற்கும், அது இன்னொரு மனிதருக்குத் தெரிய வந்ததற்கும் நடுவே நாட்கள் கடந்திருந்தன. கொலைகாரர்களைப் பிடித்துவிடலாம். இந்த இடைவெளியைப் பிடிக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை. கொங்கு வட்டாரத்தில் மட்டும் இருக்கும் பிரச்சினையும் அல்ல இது.

கொலை அபூர்வம். பாத்ரூமில் வழுக்கி விழுவது அன்றாடம். ஒரு தோட்டத்து வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்து ரோட்டிலிருந்து வண்டித்தடத்தில் அரை கிலோமீட்டர் உள்ளே. கிணறு, தென்னை, கட்டுத்தறியில் இரண்டு மாடு, ஒரு நாய். அம்மாவுக்கு 74 வயது. அய்யா போய் நான்கு வருஷம். மகன் கோயம்புத்தூரில், மகள் பெங்களூரில். ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். “சாப்ட்டயாம்மா?” “ஆச்சு கண்ணு, நீ சாப்ட்டயா?” அத்தனை பாசமும் அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த அம்மாவுக்குக் காலை ஒன்பது மணிக்குக் கை கால் இழுத்துக்கொண்டால், மகனுக்குச் சந்தேகம் வருவது ராத்திரி எட்டு மணிக்கு. “தூங்கியிருப்பாங்க, காலைல கூப்பிடலாம்” என்று விட்டுவிட்டால் மறுநாள். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் பயனில்லாத நேரத்தில்தான் அதைக் கூப்பிடவே முடிகிறது.

இடுப்பு எலும்பு முறிந்தாலும் இதே கணக்குதான். எலும்பு முறிவு மட்டும் ஆளைக் கொன்றுவிடாது. எழ முடியாமல் பல மணி நேரம் தரையிலேயே கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், அழுத்தம் பட்ட தசை சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், படுக்கைப் புண் தொடங்கும். விழுந்த பத்தாவது நிமிஷம் தூக்கி உட்கார வைக்கப்பட்ட கிழவியும், பத்து மணி நேரம் கழித்துப் பார்க்கப்பட்ட கிழவியும் மருத்துவமனைக்குள் வேறு வேறு நோயாளிகளாகத்தான் நுழைகிறார்கள்.

ஆகவே யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பதை இந்த ஓர் அளவுகோலால் அளக்க வேண்டும் என்கிறேன்: ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், எத்தனை மணி நேரத்தில் இன்னொருவருக்குத் தெரியும்? தெரிந்தவரால் கதவைத் திறந்து உள்ளே வர முடியுமா? கூட்டுக் குடும்பம் நல்லதா, தனிக்குடித்தனம் நல்லதா என்று பட்டிமன்றம் நடத்தி நாம் கழித்த காலத்தில், இந்தக் கேள்விக்கான பதில் மெல்ல நிமிஷத்திலிருந்து மணிக்கும், மணியிலிருந்து நாளுக்கும் நீண்டுவிட்டது.

எண்களைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று அதிகம். மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழு 2021க்குப் போட்ட கணக்கு 13.6 சதவீதம், 2031க்கு 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2031இல் நாட்டின் சராசரி 13.1 சதவீதமாக இருக்கும் என்கிறது அதே கணக்கு. அதாவது 2031இல் இந்தியா தொடும் இடத்தை நாம் 2021லேயே தாண்டிவிட்டோம்.

மறுபக்கம் பிறப்பு குறைகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை என்ற நிலையைத் தமிழ்நாடு 2000ஐ ஒட்டியே எட்டியது. 2020இல் மாதிரிப் பதிவு ஆய்வு சொன்ன எண் 1.4. 2011லேயே தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு நான்கு பேருக்கும் கீழே. இந்தியாவுக்கு அது ஐந்தை ஒட்டி இருந்தது.

முதியோர் யாருடன் வாழ்கிறார்கள் என்பதைப் பெரிய அளவில் ஆராய்ந்தது மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் நடத்திய ஆய்வு. நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000 பேரைப் பார்த்துப் பேசினார்கள். 60 வயதைத் தாண்டிய ஆண்களில் தனியாக வாழ்பவர்கள் 2.5 சதவீதம், பெண்களில் 8.6 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் தன்னைவிட மூத்தவரைக் கட்டிக்கொள்கிறாள், அவரைவிட நெடுநாள் வாழ்கிறாள். கணவனின் கடைசிக் காலத்தில் அவள் இருப்பாள். அவளுடைய கடைசிக் காலத்தில் யார் இருப்பது என்பதற்கு ஏற்பாடு இல்லை. இதற்கு முன் 2011இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவில் ஏழு மாநிலங்களில் எடுத்த ஆய்வில், தனியாக வாழும் முதியோர் விகிதம் மிக அதிகம் இருந்த மாநிலம் தமிழ்நாடு. கேரளம், பஞ்சாப், மகாராஷ்டிரம் எல்லாம் பின்னால்.

பிள்ளைகள் எங்கே போனார்கள்? அவர்கள் தனியாக இல்லை. ஒரே அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கு வயதுவாரியாக முகவரி பிரிந்திருக்கிறது. ஆளில்லாத வீட்டில் பெரியவர்கள், வீடில்லாத கூட்டத்தில் இளையவர்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய எண் இது. அந்தப் பெண்கள் திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வந்தவர்கள். ஒரு விடுதி அறை எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இரும்பு அடுக்குக் கட்டில்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பக்கெட், சார்ஜர் செருக முறை. மூன்று ஷிஃப்ட் என்பதால் எந்நேரமும் ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், லைட் போட முடியாது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவளின் ஊர் தெரியும், பெயர் தெரியும். அவள் அம்மாவின் போன் நம்பர் தெரியாது. 2021 டிசம்பரில் ஐபோன் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல்தான் மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அதன் பிறகு, 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம். ஒரு சிறு நகராட்சியின் ஜனத்தொகை அது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது.

ஆண்கள் பாடு இன்னும் மோசம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் ஓ.எம்.ஆர். பி.ஜி.க்களும் போக, கட்டட வேலை செய்பவர்கள் தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பெண்களும் குழந்தைகளும் தங்கும் இடங்களுக்குத்தான். கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்கிறது. ஆண்கள் தங்கும் இடத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. உரிமம் இருக்கும் இடத்திலும் மாடிப்படி ஒன்றே ஒன்று இருந்தால், ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தால், தீப்பிடிக்கும்போது அந்த உரிமம் காகிதம்தான். 2024 செப்டம்பர் 12 விடியற்காலை மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பெண்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில், ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடியில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 40க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழர்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அன்றைக்குப் பகலெல்லாம் இங்கே பல ஊர்களில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களுடைய வயதான அப்பா அம்மாக்கள்.

2015இல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் என்றது. உள்நாட்டிலேயே வேறு ஊர் போனவர்கள் தனி. ஓர் ஊரிலிருந்து இருபது வயதுக்காரர்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பினால், அங்கே இளைஞர் கூட்டம் குறைவதோடு விஷயம் முடியாது. பிணம் தூக்கவும், ராத்திரி பைக் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், கதவை உடைக்கவும் கைகள் குறைகின்றன. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து எட்டிப் பார்க்கிறார், சரி. அவருக்கே வயது 66. பத்து வருஷம் கழித்து அவரை யார் எட்டிப் பார்ப்பது? இன்றைய முதியோரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நாளைய முதியோர். 85 வயது மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பது 62 வயது மருமகள், அவளுக்கே முட்டி வலி.

இங்கே ஒரு மறுப்பு வரும். “எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்ல, அப்பா அம்மா எங்களோடதான் இருக்காங்க.” இருக்கலாம். ஆனால் சேர்ந்து வாழ்வது என்று கணக்கில் எழுதுவதற்கு, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். பகலை யாரும் கணக்கெடுப்பதில்லை. வேளச்சேரியிலோ சரவணம்பட்டியிலோ ஒரு ஃபிளாட்டில் மகனும் மருமகளும் காலை எட்டுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டாகும். பேரன் ஸ்கூல், பிறகு டியூஷன். வெளியே இரும்பு கேட், உள்ளே ஆட்டோமேட்டிக் பூட்டு. அந்த ஏற்பாட்டில் பெரியவர் பன்னிரண்டு மணி நேரம் தனி. ஊரில் இருந்திருந்தால் பால்காரராவது வந்திருப்பார். எதிர் ஃபிளாட்டுக்காரரின் பெயரே அவருக்குத் தெரியாது, அவர் பேசும் மொழியும் சில சமயம் தெரியாது.

இன்னொரு ஏற்பாடும் கணக்கில் சேர்ந்து வாழ்வதாகவே வரும். முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. மாதத்துக்கு ஒரு மகன் வீடு. அல்லது அப்பா மூத்தவனிடம், அம்மா சின்னவனிடம், ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் இரண்டு ஊரில். மாத்திரை டப்பா ஒரு வீட்டில் இருக்கும், மருத்துவச் சீட்டு இன்னொரு வீட்டில். எந்த மருந்தை எப்போது மாற்றினார்கள் என்பது எந்த மகனுக்கும் முழுதாகத் தெரியாது. இதைச் செய்யும் பிள்ளைகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒண்டுக்குடித்தன வாடகையில் இரண்டு அறைக்குள் வாழ்பவன் செய்யக்கூடியது பல சமயம் இவ்வளவுதான். ஆனால் இதைப் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்வது தவறு.

ஜப்பான் இந்தப் பாதையில் நமக்கு நாற்பது வருஷம் முன்னால் போகிறது. 1980இல் 65 வயதைத் தாண்டியவர்கள் இருந்த ஜப்பானிய வீடுகளில் பாதி, மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த வீடுகள். 2019இல் அது பத்தில் ஒன்றுகூட இல்லை. 1980இல் தனியாக வாழ்ந்த முதியவர்கள், பெண்களில் 11 சதவீதம், ஆண்களில் 4 சதவீதம். 2020இல் பெண்களில் 22, ஆண்களில் 15. வயது வரம்பில் ஐந்து வருஷ வித்தியாசம் உண்டு. ஆனாலும் இந்தியாவின் 2017-18 எண்களையும் ஜப்பானின் 1980 எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரத்தில் இல்லை.

அதன் முடிவு எங்கே போய் நின்றது? 2024இல் ஜப்பானில் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,020 பேர் என்று அந்நாட்டுப் போலீஸ் கணக்குக் கொடுத்தது. அவர்களில் நான்கில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். யாருமின்றி இறந்து, பிறகு கண்டெடுக்கப்படுவதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே வந்துவிட்டது. அப்படி இறந்தவர்களின் வீட்டைச் சுத்தம் செய்து கொடுப்பது அங்கே ஒரு தொழில்.

தோக்கியோவை ஒட்டிய மட்சுதோ நகரில் தோக்கிவதைரா என்ற குடியிருப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1960இல் இளம் குடும்பங்களுக்காக அரசு அமைப்பு கட்டியது. ஆயிரக்கணக்கான வீடுகள். அந்தக் காலத்தில் அங்கே வீடு கிடைப்பதே அதிர்ஷ்டம். ஒரே வயதுள்ள தம்பதிகள் ஒரே நேரத்தில் குடியேறினார்கள், ஒரே காலத்தில் பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகள் ஒரே காலத்தில் கிளம்பிப் போனார்கள், பெற்றோர் ஒரே காலத்தில் கிழவர்களானார்கள். 2000இல் அங்கே ஒரு வீட்டில் 69 வயது மனிதர் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷமும் வாடகையும் மற்ற கட்டணங்களும் அவர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தன. பணம் தீர்ந்த பிறகுதான் ஆள் தேடி வந்தார்கள்.

சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் நடந்து பாருங்கள். ஒரே காலத்தில் ஒதுக்கீடு பெற்றுக் குடியேறிய தெருக்கள் அவை. மாடிப்படி ஏற முடியாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். இன்றைக்கு ஓ.எம்.ஆரில் முப்பது வயதுத் தம்பதிகளுக்கென்றே விற்கப்படும் அடுக்குமாடிகள் 2060இல் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க மட்சுதோ போக வேண்டியதில்லை. கரண்ட் பில், கேஸ், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் கணக்கிலிருந்து தானாகப் போகும் வசதி இப்போது இங்கேயும் வந்துவிட்டது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை பணம் வாங்க யாராவது கதவைத் தட்டினார்கள்.

ஜப்பானுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே எல்லோருக்கும் ஓய்வூதியம் உண்டு, 2000லிருந்து கட்டாயப் பராமரிப்புக் காப்பீடு உண்டு. இங்கே ஆதரவற்ற முதியோருக்குக் கிடைக்கும் மாத உதவித்தொகை 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கான தனிக் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. டாக்டர், சாப்பாடு, மணி அடித்தால் ஓடி வரும் ஆள், எல்லாம் உண்டு. லட்சங்களில் பணம் கட்ட முடிகிறவர்களுக்கு என் அளவுகோலின்படி அது நல்ல ஏற்பாடு. ஆனால் கூலி வேலை பார்த்து வயதானவர் அந்த கேட்டுக்குள் போக முடியாது.

சொத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் தனியாவதில் பாதி சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து சொந்த வீட்டில் விருந்தாளி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. சிக்கல் அந்த நிபந்தனையில்தான். பத்திரத்தில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் எழுதிவிட்டு நிபந்தனையை எழுதாமல் விடுவதே வழக்கம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளின் போக்கு நல்லபடியாக இருந்தாலும் 75 வயதில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது யாரால் முடியும்? எழுதிக் கொடுப்பதாக இருந்தால், என் ஆயுள்வரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை எனக்கும் என் மனைவிக்கும் உண்டு, சாப்பாடும் மருத்துவமும் பார்க்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பிள்ளையிடமிருந்து அப்போதே ஒரு செய்தி கிடைத்துவிடும். அந்தச் சட்டத்தில் தீர்ப்பாயம் மாதாமாதம் வாங்கிக் கொடுக்கக்கூடிய ஜீவனாம்சத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். இந்தியாவிலேயே முதன்முதலில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப்பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் 70 வயதைத் தாண்டிய சுமார் 20 லட்சம் பேருக்கு ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில் முதியோர் பகலில் வந்து தங்க 25 அன்புச்சோலை மையங்களுக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 38 மாவட்டங்கள், 25 மையங்கள். பகல் தனிமையைப் புரிந்துகொண்ட திட்டம் என்பதால் அதை வரவேற்கிறேன், போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதியோர் உதவி எண் 14567. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான் எடுப்பார்கள். இரவில் 108, 112தான். எந்த எண்ணாக இருந்தாலும் கூப்பிடக் கை வர வேண்டும், போன் எட்ட வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவரிடம் அரசு வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறீர்களா என்று சான்று கேட்கிறது. ஓய்வூதியம் இல்லாதவரிடம் அந்த ஒருமுறையும் கேட்பதில்லை.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை உண்டு. காலையில் ஒரு போன், ராத்திரி ஒரு போன் என்று இரண்டாக்குங்கள். காலைப் போன் எடுக்கவில்லை என்றால் யார் நேரில் போய்ப் பார்ப்பது என்று முன்கூட்டியே ஒருவரிடம் பேசி வையுங்கள், அவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். உள்தாழ்ப்பாள் போட்டால் சாவி பயன்படாது, ஆகவே பின்கதவுக்காவது வெளியிலிருந்து திறக்கும் பூட்டு. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; உள்பக்கம் திறந்தால் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். போன் ஹாலில் சார்ஜரில் கிடக்காமல் கழுத்துப் பையில் இருக்க வேண்டும். விடுதியில் மகள் இருந்தால், பக்கத்துக் கட்டில்காரியின் நம்பரை வாங்கி வையுங்கள், உங்கள் நம்பரை அவளுக்குக் கொடுங்கள். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

இவை ஒரு குடும்பத்தின் இடைவெளியைக் குறைக்கும். பிள்ளை இல்லாதவருக்கும், போன் செய்யாத பிள்ளை உள்ளவருக்கும் இவற்றால் பயனில்லை. இன்று விடுதியில் இருக்கும் 25 வயதுக்காரருக்கு 60 ஆகும்போது, அவருக்குப் பிள்ளை ஒன்று அல்லது இல்லை, ஊரில் வீடு விற்றுப்போயிருக்கும், ஒப்பந்த வேலையில் சேர்த்த பி.எஃப். பணம் தங்கை கல்யாணத்துக்கு எடுத்தாயிற்று. இன்றைய தோட்டத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வீடும் இரண்டு போன் நம்பரும் இருக்கின்றன. அவரிடம் அதுவும் இருக்குமா என்பது சந்தேகம்.

இவர்களுக்கும் உதவ முதல் தேவை, யார் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியல். 2027 கணக்கெடுப்பு முடிந்து அட்டவணைகள் வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டில் ஒற்றை ஆள், வயது 65க்கு மேல் என்று தேடினால் ஒவ்வொரு கடைக்கும் பெயர்கள் வந்து விழும். விற்பனையாளருக்குத் தேடவே வேண்டாம், ஆட்களைத் தெரியும். அந்தப் பட்டியல் உணவுத் துறையிடம் இருக்கிறது. மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரின் வழித்தடம் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. ரோந்துப் புத்தகம் காவல் நிலையத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரு பஞ்சாயத்து அளவில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, வாரத்தில் எந்தெந்த நாள் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று எழுத ஓர் ஊராட்சிச் செயலாளருக்கு ஒரு நாள் போதும். மாவட்ட ஆட்சியர் ஒருவர் உத்தரவு போட்டால் நாளைக்கே தொடங்கலாம். ஈரோட்டிலோ திருப்பூரிலோ தொடங்குவதற்குக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது.